புல்மோட்டை மணலும் தேன்கூட்டுக் காந்தமும்: புலம் குடுத்தா என்ன நடக்கும்?

உவர்மலைப் பொடியன்
வணக்கம் எல்லாருக்கும். ஒரு விசயம் கேக்கவேணும், தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்கோ. அணுக்கள் தேன்கூட்டு வடிவில அடுக்கியிருக்கிற சில காந்தப் பொருளுக்கு வெளியில இருந்து காந்தப்புலம் குடுத்தா அது 'ஸ்பின் திரவம்' எண்ட நிலைக்கு (அணுக்களின்ட சின்னக் காந்தங்கள், அதாவது ஸ்பின்கள், ஒழுங்கா நிக்காமல் ஆடிக்கொண்டே இருக்கிற நிலை) போகும், அதில இருந்து குவாண்டம் கொம்பியூட்டர் செய்யலாம் எண்டு ஒரு வீடியோவில சொல்லிக்கொண்டு போறாங்கள். எனக்கு இடிக்கிறது இதுதான்: காந்தத்துக்குப் புலம் குடுத்தா ஸ்பின் எல்லாம் புலத்தின்ட பக்கம் திரும்பி இன்னும் ஒழுங்காத்தானே நிக்கவேணும்? ஒழுங்கு கலைஞ்சு திரவம் ஆகிறது எப்பிடி? புலம் ஒழுங்குபடுத்துமா, குழப்புமா? ஏ/எல் படிச்ச அளவுக்கு விளங்கக்கூடிய மாதிரிச் சொன்னா புண்ணியமாப் போகும்.

பிசிக்ஸ் டீச்சர்
தம்பி, காந்தம் எண்டவுடன நீங்கள் பிரிட்ஜில ஒட்டுறதை நினைக்கிறீங்கள். அது பெரோ வகை, எல்லா ஸ்பின்னும் ஒரே பக்கம். வீடியோவில வந்தது அன்ரிபெரோ வகையா இருக்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்பின்னோ வரிசையோ எதிரெதிராப் பாத்துக்கொண்டு நிக்கும், மொத்தம் கூட்டினா பூச்சியம். அதுவும் ஒழுங்குதான், ஆனா புலத்துக்கு ஒத்துவராத ஒழுங்கு. புலம் கூடக் கூட அந்த ஒழுங்கு ஒரு இடத்தில உடையும். உடைஞ்ச பிறகு எல்லாம் நேரடியாப் புலத்தின்ட பக்கம் திரும்புதா, இல்லாட்டி நடுவில வேற ஒரு நிலை வருதா, அதிலதான் சண்டையே. திருமலையான் வந்தா வடிவா எழுதுவார், அவர் வெளிநாட்டில இந்த வேலைதான் செய்யிறார்.

புல்மோட்டை நானா
அஸ்ஸலாமு அலைக்கும். நான் படிச்ச ஆள் இல்ல, புல்மோட்டைக் கடற்கரையில கனிய மணல் பிரிக்கிற வேலையில கனகாலம் நிண்டவன். முந்தி ஒரு எஞ்சினியர் சேர் சொன்னவர், எங்கட இல்மனைட்டுக்குள்ள இரும்பு அணு தேன்கூடு மாதிரித்தான் அடுக்கியிருக்கு எண்டு. உண்மையா அது? கரையில கிடக்கிற கறுத்த மணலைக் கொஞ்சம் கடதாசியில பரப்பி அடியில காந்தத்தைப் பிடிச்சா எல்லாமே ஒரே மாதிரி வராது. ஒண்டு ரெண்டு மணி துள்ளி எழும்பி முள்ளு முள்ளா நிக்கும், அது மக்னடைட். மிச்சக் கறுப்பு சோம்பலா இழுபட்டு இழுபட்டு வரும், அதுதான் இல்மனைட். சாதாரணக் காந்தத்துக்கு அதுவும் வராது, நல்ல நியோடிமியம் காந்தம் வேணும். சேர்க்கோன், உரூத்தைல் ரெண்டும் கிடந்த இடத்திலயே கிடக்கும். இந்தக் குணத்தை வைச்சுத்தான் மெசின்ல பிரிக்கிறதும்.

பனிக்குள்ள திருமலையான்
நானா, அந்த சேர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நான் பொடியனுக்குப் பதில் எழுத வந்தா நீங்கள் அதைவிட நல்ல உதாரணத்தைக் கொண்டுவந்து வைச்சிட்டீங்கள், அதில இருந்தே தொடங்குறன்.

இல்மனைட் எண்டது இரும்பு, டைட்டேனியம், ஒட்சிசன். பளிங்குக்குள்ள இரும்பு ஒரு தட்டு, டைட்டேனியம் ஒரு தட்டு எண்டு மாறி மாறி வரும். டைட்டேனியத்துக்கு காந்தத்துக்கு உதவுற இலத்திரன் இல்ல, அது பேசாமல் இருக்கும். இரும்புத் தட்டுக்குள்ள ஒவ்வொரு அணுவுக்கும் கிட்டத்து அயலவர் மூண்டு பேர்தான், கோடு போட்டுப் பாத்தா அறுகோணம் அறுகோணமா வரும், கொஞ்சம் மேல கீழ நெளிஞ்ச தேன்கூடு. அப்ப புல்மோட்டைக் கரையில லட்சக்கணக்கான தொன் தேன்கூட்டுக் காந்தம் கிடக்குது எண்டு சொன்னா அது பொய்யில்ல.

ஆனா அறைவெப்பத்தில அது காந்த ஒழுங்கில இல்ல. 300 கெல்வின் சூட்டில ஸ்பின்கள் கண்டபாட்டுக்கு ஆடும், புலம் வந்தா கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். நானா சொன்ன அந்தச் சோம்பல் இழுவை அதால வாறது. சுத்தமான இல்மனைட் 58 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்தாத்தான் ஒழுங்கு வரும், திரவ நைதரசன் 77 கெல்வின், அதுகூடக் காணாது. ஒழுங்கு வந்தாப் பிறகு ஒரு தட்டுக்குள்ள எல்லா ஸ்பின்னும் தட்டுக்குச் செங்குத்தா ஒரே பக்கம், அடுத்த தட்டு முழுக்க எதிர்ப் பக்கம்.

இப்ப செங்குத்தாப் புலம் குடுங்கோ. 1, 2, 3 டெஸ்லா, ஒண்டும் பெருசா நடக்காது. கிட்டத்தட்ட 8 டெஸ்லாவில எதிர்ப் பக்கம் பாத்துக்கொண்டிருந்த தட்டெல்லாம் ஒரேயடியாப் புரண்டு எல்லாம் ஒரே பக்கம் ஆகிடும். ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ மெசின் வழக்கமா 1.5 டெஸ்லா, அதோட ஒப்பிட்டுப் பாருங்கோ. பொடியன் நினைச்சமாதிரியே புலம் இங்க ஒழுங்குதான் படுத்துது, ஒரு ஒழுங்கில இருந்து இன்னொரு ஒழுங்குக்குப் பாய்ச்சல். நடுவில திரவமும் இல்ல மண்ணும் இல்ல.

உவர்மலைப் பொடியன்
அட, நம்ம ஊர் மணலிலயா! அப்ப வீடியோவில சொன்ன சாமான் என்னத்தில வேறுபடுது? ரெண்டும் தேன்கூடுதானே?

பனிக்குள்ள திருமலையான்
வடிவம் ஒண்டு, உள்ளுக்க நடக்கிற பேச்சு (ஸ்பின்கள் ஒண்டை ஒண்டு பாதிக்கிற விதம்) வேற.

இல்மனைட்டில இருக்கிற இரும்புக்கு ஸ்பின் 2, அது பெரிய ஸ்பின், அதோட மேல கீழ எண்டு ரெண்டு பக்கம் மட்டும்தான் அதுக்குப் பிடிக்கும். குவாண்டம் ஆட்டம் அதில மிச்சம் குறைவு. நீங்கள் பாத்தது அனேகமா அல்பா ருத்தேனியம் குளோரைட்டா இருக்கும், கறுப்பா மினுங்கும், மைக்கா போல மெல்லிசா உரிஞ்சு வரும். அதில ருத்தேனியத்துக்கு ஸ்பின் அரை எண்டு எடுக்கலாம், எல்லாத்திலயும் சின்னது, குவாண்டம் ஆட்டம் உச்சம்.

முக்கியமான வித்தியாசம் அயலவரோட உள்ள தொடர்பில. 2006 இல அலெக்ஸி கிட்டாயேவ் எண்ட பௌதிகவியலாளர் ஒரு கணித மாதிரி (மொடல்) எழுதினார். தேன்கூட்டில ஒவ்வொரு அணுவுக்கும் மூண்டு பிணைப்புத்தானே, ஒரு பிணைப்பில எக்ஸ் திசைக் கூறு மட்டும் கதைக்கும், மற்றதில வை கூறு மட்டும், மூண்டாவதில இசட் கூறு மட்டும். கலியாண வீட்டில மூண்டு மாமிமாரும் ஒரே நேரத்தில மூண்டு பக்கம் கூப்பிட்டா பொடியன் என்ன செய்வான், ஒருத்தரையும் திருப்திப்படுத்த ஏலாமல் நடுவில நிண்டு முழிப்பான், அந்த நிலைதான் ஒவ்வொரு ஸ்பின்னுக்கும். ஆகவே பூச்சிய வெப்பநிலைக்குப் போனாலும் ஒழுங்கு வராது. வழக்கமா இப்பிடிப்பட்ட கணக்கை ஒருத்தராலயும் முழுசாத் தீர்க்க ஏலாது, இதை அவர் பேனையால துல்லியமாத் தீர்த்துக் காட்டினார், அதுதான் எல்லாரும் இதுக்குப் பின்னால ஓடுறதுக்குக் காரணம். தீர்வில ஸ்பின் ஒண்டு ரெண்டாப் பிரியுது. ஒண்டு மயோரானா எண்ட துகள், அது பளிங்குக்குள்ள ஓடித் திரியும். மற்றது ஒவ்வொரு அறுகோணத்திலயும் கூட்டல் ஒண்டு அல்லது கழித்தல் ஒண்டு எண்டு இருக்கிற ஒரு கணியம், அது அசையாது.

இதுக்குச் சின்னப் புலம் குடுத்தா மயோரானாவுக்கு ஒரு சக்தி இடைவெளி (துகளை எழுப்பத் தேவையான குறைஞ்ச சக்தி) திறக்கும், அப்ப விளிம்பால மட்டும் வெப்பம் ஒரு வழிப் பாதையில ஓடும், அசையாமல் இருக்கிற மற்றத் துகள்களை ஒண்டைச் சுத்தி ஒண்டு கொண்டுபோனா அந்தச் சுத்தலையே நினைவகமாப் பாவிக்கலாம். குவாண்டம் கொம்பியூட்டர் கதை வாறது இதாலதான்.

சந்தேகப்பிராணி
கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா திருமலையான் அண்ணா கடதாசி மாதிரியையும் கையில இருக்கிற பளிங்கையும் ஒண்டாக் கலக்காதேங்கோ. ருத்தேனியம் குளோரைட் 7 கெல்வினில வடிவா ஒழுங்காகுது. ஸிக்ஸாக் ஒழுங்கு, ஒரு வளைஞ்ச வரிசை ஒரு பக்கம், அடுத்த வரிசை மறுபக்கம். கிட்டாயேவ் மாதிரிப்படி ஒழுங்கே வரக்கூடாது. அப்ப அது கிட்டாயேவ் பொருள் இல்லைத்தானே?

பனிக்குள்ள திருமலையான்
சுத்தக் கிட்டாயேவ் பொருள் இல்ல, அதை ஒருத்தரும் மறுக்கேல்ல. ஜாக்கெலியும் கலியுலினும் 2009 இல காட்டினது, பாரமான அணு, அணுவைச் சுத்தியிருக்கிற எண்முகிகள் (எட்டு முகக் கூடுகள்) விளிம்பால ஒட்டியிருக்கிற அமைப்பு, கோணம் 90 பாகைக்குக் கிட்ட இருந்தா இந்த மூண்டு திசைப் பேச்சு இயற்கையிலயே வரும் எண்டு. வரும், ஆனா தனிய வராது. சாதாரண ஹைசன்பேர்க் பேச்சும் (எல்லாத் திசைக் கூறும் ஒரே மாதிரிக் கதைக்கிறது) காமா எண்டு சொல்லுற இன்னொண்டும் கூடவே வந்து சேரும். ஸிக்ஸாக் ஒழுங்கு வாறது அந்தக் கலப்பாலதான்.

இப்ப புலம் வாற இடம். ஸிக்ஸாக்கைத் தூக்கிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறது கனக்கச் சக்தி இல்ல. தட்டின்ட தளத்துக்குள்ள 7, 8 டெஸ்லா குடுத்தா அது உடைஞ்சு போகுது. ஸ்பின் அரைக்கு 1 டெஸ்லா எண்டா வெப்பநிலைக் கணக்கில 1.3 கெல்வின் சொச்சம், அப்ப 8 டெஸ்லா 10 கெல்வின் அளவு, 7 கெல்வின் ஒழுங்கை உடைக்க அது காணும் எண்டு ஒரு மட்டுக்கணக்கும் ஒத்துவருது. இல்மனைட்டிலயும் 8, இதிலயும் 8, இது வெறும் தற்செயல், அதில ஏதோ இருக்கு எண்டு தேடாதேங்கோ. இல்மனைட் 8 டெஸ்லாவில புரண்டு முடிஞ்சுது. ருத்தேனியம் குளோரைட் 8 டெஸ்லாவில ஸிக்ஸாக்கை விட்டிட்டுது, ஆனா ஸ்பின் எல்லாம் இன்னும் முழுசாப் புலத்தின்ட பக்கம் திரும்பேல்ல. விட்ட பிறகு எங்க போய் நிக்குது? அதான் கேள்வி.

நிலாவெளி தங்கச்சி
அண்ணா ஒரு சின்னக் கேள்வி. 'தளத்துக்குள்ள' எண்டு சொன்னீங்கள். செங்குத்தாக் குடுத்தா வேற மாதிரியா நடக்கும்? புலம் புலம்தானே?

பனிக்குள்ள திருமலையான்
சின்னக் கேள்வி இல்ல தங்கச்சி, நல்ல இடத்தில கைவைச்சிருக்கிறீர். செங்குத்தாக் குடுத்தா 8 டெஸ்லாவில ஒண்டும் அசையாது. 2023 இல 100 டெஸ்லா வரைக்கும் துடிப்புப் புலம் குடுத்துப் பாத்த ஆக்கள் ஸிக்ஸாக் 35 டெஸ்லா அளவில உடையுது, பிறகு 83 டெஸ்லா அளவிலதான் முழுசாத் திரும்புது, ரெண்டுக்கும் இடையில ஒரு தனி நிலை இருக்கு எண்டு எழுதினவை. அவ்வளவு பெரிய புலம் ஒரு கண்மூடித் திறக்கிற நேரம்கூட நிக்காது, அதுக்குள்ள அளந்து முடிக்கவேணும்.

தளத்துக்குள்ளயும் எல்லாத் திசையும் ஒண்டில்ல. கிட்டாயேவ் கணக்கில அந்தச் சக்தி இடைவெளி புலத்தின்ட எக்ஸ், வை, இசட் கூறு மூண்டையும் பெருக்கி வாற எண்ணுக்கு நேர்விகிதம். இந்த மூண்டு அச்சும் தட்டின்ட தளத்தில கிடக்கிறேல்ல, மூண்டும் ஒரே அளவு சாய்ஞ்சு தளத்தை விட்டு வெளியில நிக்கும். பிணைப்பு ஒண்டுக்குச் செங்குத்தாத் தளத்துக்குள்ள புலம் குடுத்தா கூறுகள் 1, 1, கழித்தல் 2 எண்ட விகிதத்தில வரும், பெருக்கினா பூச்சியம் இல்ல, இடைவெளி இருக்கும். பிணைப்பு வழியே குடுத்தா 1, கழித்தல் 1, 0. பெருக்கிப் பாரும். பூச்சியம். இடைவெளி மூடிடும். ஒரே தட்டு, ஒரே அளவு புலம், 30 பாகை திருப்பினா ரெண்டு வேற உலகம்.

பிசிக்ஸ் டீச்சர்
இந்த ஒரு கணக்கை மட்டும் நான் பிள்ளையளுக்குக் கரும்பலகையில போடுவன். காவிக் கூறு பிரிக்கிறது எதுக்கு எண்டு ஒவ்வொரு வருசமும் கேக்கிறதுகள்.

திசை எண்டவுடன ஒண்டு ஞாபகம் வருது. திருகோணமலை காந்த மத்தியகோட்டுக்குக் கிட்ட இருக்கிறதால இஞ்ச சாய்வூசி கிட்டத்தட்ட மட்டமா நிக்கும், புத்தகத்தில ஐரோப்பாப் படத்தில சரிஞ்சு நிக்கிற மாதிரி நிக்காது. பூமியின்ட புலம் இஞ்ச 40 மைக்ரோடெஸ்லா அளவு. நீங்கள் சொல்லுற 8 டெஸ்லா அதைப்போல 2 லட்சம் மடங்கு.

சந்தேகப்பிராணி
சரி, இனி உண்மைக் கதைக்கு வருவம். 2018 இல கியோட்டோவில இருந்து வெப்ப ஹோல் விளைவு (புலத்தால வெப்பம் பக்கவாட்டில திரும்பி ஓடுறது) சரியா அரை மடங்கில நிக்குது, மயோரானா பிடிபட்டுட்டுது எண்டு பெரிய சத்தம். இலத்திரன் விளிம்பால ஓடினா வெப்பக் கடத்தல் ஒரு அலகு, மயோரானா பாதி இலத்திரன், ஆகவே அரை அலகு. இவ்வளவும் விளங்குது. பிறகு என்ன நடந்தது? வேற ஆய்வுகூடங்கள் செய்தா ஒரு பளிங்கில அரை வருது, இன்னொண்டில வரேல்ல. பிரின்ஸ்டன் ஆக்கள் மட்டமான படியே இல்ல, வெப்பநிலையோட ஏறி இறங்குது, போசோன் எண்ட வகைத் துகள் (ஸ்பின் அலை போல) போதும் எண்டாங்கள். இன்னொரு குழு வெப்பத்தைக் காவுறதே போனன் (பளிங்கின்ட அதிர்வு) தான் எண்டு 2022 இல எழுதினது. ஒவ்வொரு பளிங்குக்கும் ஒவ்வொரு விடை வந்தா அது எப்பிடித் துல்லியமான எண்?

இன்னொண்டும் சொல்லுறன். பிணைப்பு வழியே புலம் குடுத்தா ஹோல் விளைவு பூச்சியம், கிட்டாயேவ் கணக்கு அப்பிடியே பலிச்சுது எண்டு 2021 இல எழுதினவங்கள். அந்தத் திசையை அச்சா வைச்சுப் பளிங்கை 180 பாகை சுத்தினாலும் அதே பளிங்கு, அதே புலம். அந்தச் சமச்சீர் இருந்தாலே ஹோல் விளைவு பூச்சியமாத்தான் வரவேணும், வெப்பத்தைக் காவுறது மயோரானாவோ போனனோ மக்னோனோ (ஸ்பின் அலை) எதுவா இருந்தாலும். அப்ப அது ஒரு சாட்சியே இல்ல.

பனிக்குள்ள திருமலையான்
கடைசிப் பந்தியை ஒரு எழுத்தும் மாத்தாமல் ஒத்துக்கொள்ளுறன். அந்தப் பூச்சியம் சமச்சீராலயே வரும்.

ஆனா அதோட கதை முடியேல்ல. 2022 இல வெப்பக் கொள்ளளவைப் புலத்தைச் சுத்திச் சுத்தி அளந்தவை. வெப்பக் கொள்ளளவுக்கு அந்தச் சமச்சீர் பூச்சியத்தைக் கட்டாயப்படுத்தாது. அதில பிணைப்பு வழியே புலம் இருக்கேக்க தாழ்சக்தித் துகள்கள் கூடுதலா இருக்கு, தளத்துக்குள்ளயே பிணைப்புக்குச் செங்குத்தா இருக்கேக்க இடைவெளி தெரியுது. இது ஹோல் விளைவை விடக் கனமான சாட்சி எண்டது என்ட அபிப்பிராயம், மற்றவை ஒத்துக்கொள்ளோணும் எண்டு இல்ல.

பளிங்குக்குப் பளிங்கு விடை மாறுறது உண்மை, அதுக்குக் காரணமும் கண்ணுக்கு முன்னால இருக்கு. இந்தத் தட்டுகள் ஒண்டை ஒண்டு மெல்லிசாத்தான் பிடிச்சிருக்கு. சாவணத்தால எடுக்கேக்க கொஞ்சம் வளைஞ்சாலே அடுக்கு வழுக்கும். வழுக்கினதில 7 கெல்வினுக்குப் பதிலா 14 கெல்வினில ஒரு ஒழுங்கு தலைகாட்டும். எங்கட ஆய்வுகூடத்தில ஒரு பளிங்கு கையில வந்தா முதல் வேலை குளிராக்கி 14 இல ஏதும் தெரியுதா எண்டு பாக்கிறது, தெரிஞ்சா அதை ஒதுக்கி வைக்கிறது. ஒட்டுற பசை கூடினாலும் குளிரேக்க இழுத்து வளைச்சுப்போடும், ஒரு மூலையில மட்டும் துளி தொடுறது.

என்னைக் கேட்டா, எல்லாரும் செய்யிற பெரிய பிழை ஸிக்ஸாக் உடைஞ்ச உடன 'திரவம்' எண்டு பேர் வைக்கிறது. ஒழுங்கு இல்லாத நிலை எல்லாம் திரவம் இல்ல. பாதி திரும்பின, இன்னும் குவாண்டம் ஆட்டம் அடங்காத சாதாரண நிலையாவும் இருக்கலாம், அதுவும் புலம் கூடக் கூட இடையில எந்தத் திருப்பமும் இல்லாமல் முழுசாத் திரும்பின நிலைக்குப் போய்ச் சேரும். திரவம் எண்டு சொல்லவேணும் எண்டா உள்ள போற வாசலில ஒரு நிலைமாற்றம், வெளிய வாற வாசலில ஒரு நிலைமாற்றம் ரெண்டும் காட்டவேணும். தளத்துக்குள்ள குடுக்கிற புலத்தில அந்த ரெண்டாவது வாசலை எல்லாரும் நம்புற மாதிரி இன்னும் ஒருத்தரும் காட்டேல்ல.

உவர்மலைப் பொடியன்
கொம்பியூட்டர் சிமுலேசன்ல பாக்க ஏலாதா? மாதிரி துல்லியமாத் தீர்த்தது எண்டுதானே சொன்னீங்கள்.

பனிக்குள்ள திருமலையான்
புலம் இல்லாமல்தான் துல்லியம். புலம் போட்ட நிமிசம் அந்த அறுகோண எண்கள் அசையத் தொடங்கும், பேனைக் கணக்கு முடிஞ்சுது, பிறகு கொம்பியூட்டர்தான்.

செய்து பாத்திருக்கினம், ருசியான விடையும் வந்திருக்கு. கிட்டாயேவ் பேச்சின்ட குறி (கூட்டலா கழித்தலா எண்டது) அன்ரிபெரோவா இருந்தா, செங்குத்துப் புலத்தில முதல் திரவம் கனதூரம் தாங்கும், அதுக்குப் பிறகு இடைவெளி இல்லாத இன்னொரு திரவம் வரும், அதுக்குப் பிறகுதான் முழுத் திருப்பம். 2019 இல ஹிக்கியும் டிரெப்ஸ்ரும் எழுதினது. குறி பெரோவா இருந்தா திரவம் கொஞ்சப் புலத்திலயே செத்துப்போகும், பேச்சின்ட வலிமையில நூறில ரெண்டு மூண்டு பங்குப் புலமே காணும், நடு நிலையும் இல்ல. இப்ப ருத்தேனியம் குளோரைட்டில குறி எது? 2020 இல எக்ஸ் கதிரால பாத்துப் பெரோ எண்டு சொல்லிட்டாங்கள், அனேகம் பேர் அதைத்தான் ஏற்கினம். சந்தேகப்பிராணிக்கு என்னட்ட இருந்து ஒரு ஆயுதம், வைச்சுக்கொள்ளுங்கோ.

சந்தேகப்பிராணி
நன்றி அண்ணா, நீங்களே என்ட பக்கம் வாதாடுறீங்கள். கோபால்ட் கதையும் இதே மாதிரித்தானே? பேரியம் கோபால்ட் ஆர்சனேட், தேன்கூடு, தளத்துக்குள்ள அரை டெஸ்லா குடுத்தாலே ஒழுங்கு போகுது எண்டு 2020 இல எல்லாரும் துள்ளினவை. அரை டெஸ்லா எண்டா நானாட நல்ல நியோடிமியம் காந்தத்தை மேற்பரப்பில ஒட்டவைச்சாலே கிட்ட வந்திடும். பிறகு 2023 இல நியூத்திரன் போட்டுப் பாத்தா கிட்டாயேவ் பேச்சு அதில பெருசா இல்ல, கிட்டத்து அயலவரும் மூண்டாம் அயலவரும் போட்டி போடுறதால ஒழுங்கு ஏற்கெனவே தளதளத்துப்போய் இருந்திருக்கு.

பனிக்குள்ள திருமலையான்
ஓம், அதேதான். லேசா உடையிற ஒழுங்கு எண்டா உள்ளுக்கு ரெண்டு பேச்சு கிட்டத்தட்டச் சம பலத்தில இருக்கு எண்டு மட்டும்தான் அர்த்தம். எந்த ரெண்டு எண்டு அது சொல்லாது.

கோபால்ட்டை முழுசாத் தள்ளிவைக்கவும் வேண்டாம். இல்மனைட் அமைப்பிலயே இரும்புக்குப் பதிலாக் கோபால்ட் போட்டா 38 கெல்வினில ஒழுங்காகிற ஒரு காந்தம் வரும், ஸ்பின் தளத்துக்குள்ள படுத்திருக்கும், அதில ஸ்பின் அலைகள் கிராபீனில (காபன் அணுக்களின்ட தேன்கூட்டுத் தட்டு) இலத்திரன் செய்யிற மாதிரியே கூம்பு கூம்பாச் சந்திக்கிறதை 2020 இல நியூத்திரனால கண்டவை. மங்கனீஸ் போட்டா 64 கெல்வின், செங்குத்தா 6 டெஸ்லா அளவு குடுத்தா ஸ்பின் புரளாமல் பக்கவாட்டில சரிஞ்சு படுக்கும். ஒரே வீடு, ஆளை மாத்தினா புலத்துக்குச் சொல்லுற பதில் வேற வேற. மூண்டிலயும் திரவம் இல்ல, ஆனா விளங்கப் படிக்க இதுகள்தான் திறம்.

புல்மோட்டை நானா
தம்பிமார், முக்கால்வாசி தலைக்கு மேலால போகுது, ஆனா எங்கட மணலைப் பெரிய இடத்தில வைச்சுக் கதைக்கிறீங்கள், சந்தோசம். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ, கரையில இருக்கிற இல்மனைட்டை எடுத்து நீங்கள் சொன்ன அந்த 58 கெல்வின் பாக்க ஏலுமா? வெள்ளைப் பெயின்ட்டுக்குத்தான் இவ்வளவு நாளும் கப்பல் ஏறிப் போகுது.

பனிக்குள்ள திருமலையான்
நானா, கரை மணல் வெயிலும் தண்ணியும் பட்டு இரும்பில ஒரு பங்கு மாறிப்போயிருக்கும், மணிக்கு மணி வித்தியாசம் இருக்கும், ஆகவே 58 இல கூர்மையா ஒண்டும் தெரியாது, பரவித்தான் தெரியும். அதோட அந்த ஒண்டு ரெண்டு மக்னடைட் மணி இருந்தாலே காணும், அளவீட்டில அதின்ட சத்தம்தான் கேக்கும். நீங்கள் மெசினால பிரிச்ச மாதிரி முதல் அதைச் சுத்தமாப் பிரிக்கவேணும். சரியான பரிசோதனைக்கு ஆய்வுகூடத்தில வளர்த்த ஒற்றைப் பளிங்குதான் பாவிக்கிறது, புலத்தை எந்தத் திசையில குடுக்கிறம் எண்டு தெரியவேணுமே, மணல் குவியலில ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு பக்கம்.

நிலாவெளி தங்கச்சி
அப்ப மணலைக் கொட்டி 8 டெஸ்லா குடுத்தா ஒரேயடியாப் புரளாதா?

பனிக்குள்ள திருமலையான்
புரளாது தங்கச்சி. ஒவ்வொரு மணிக்கும் அதின்ட செங்குத்துத் திசையில விழுற புலக் கூறு மட்டும்தான் கணக்கு. நேரா நிக்கிற மணி 8 இல புரளும், 60 பாகை சரிஞ்சு கிடக்கிறதுக்கு 16 வேணும். வரைபில படி மாதிரி வராமல் சரிவா வரும். கோசைன் போட்டுப் பாரும், டீச்சருக்கு இன்னொரு கணக்கு கிடைச்சுது.

பிசிக்ஸ் டீச்சர்
எடுத்துக்கொண்டன். அடுத்த கிழமை ரிவிசன் பேப்பரில வரும், இந்த இழையை வாசிச்ச பிள்ளையளுக்கு மட்டும் லேசா இருக்கும்.

புல்மோட்டை நானா
அப்ப மொனசைட்? அதும் காந்தத்துக்குக் கொஞ்சம் வரும், இல்மனைட் அளவுக்கு இல்ல. அதுக்குள்ள என்ன கூடு?

உவர்மலைப் பொடியன்
நானா அதுக்குப் புது இழை திறங்கோ, நானும் வாறன். இதில இன்னும் அந்த 1, 1, கழித்தல் 2 எங்க இருந்து வந்தது எண்டு நான் கடதாசியில கீறிக்கொண்டிருக்கிறன்.